தொப்பூர் ஏத்தத்துல நிக்கற வண்டி

ஏறுங்க சார், ஏறுங்க. அந்தக் கம்பியைப் பிடிச்சுட்டுக் காலை வைங்க. பையை இப்படிக் குடுங்க. அந்தத் தட்டத்து மேல மட்டும் கால் படாமப் பார்த்துக்குங்க, வெத்தலை பாக்கு பழத்தோட பத்திரிகை வெச்சிருக்கறேன். புள்ளைக்கு வர்ற தையில கண்ணாலமுங்க.

பஸ்ஸு நின்னுபோச்சுன்னு ஓமலூர்ல எறங்கி என்ற லாரிக்குக் கை காட்டியிருக்கறீங்க. நல்ல வண்டியாப் பார்த்துத்தான் காட்டியிருக்கறீங்க, போங்க. இதுவும் நிக்கற வண்டிதான். பொய் சொல்லி ஆளை ஏத்தக்கூடாது பாருங்க, அதனால முன்கூட்டியே சொல்லிப்போடறேன். தர்மபுரிக்குத்தானுங்க? கொண்டு போய் விட்டுடறேன். ஆனா தொப்பூர் ஏத்தத்துல ஒருக்கா நிக்கும். நின்னா பதறாதீங்க. கொஞ்ச நேரம் ஆறப்போட்டா மறுபடி கிளம்பும். மறுபடி நிக்கும். மறுபடி கிளம்பும். அப்படியே திக்கித் திணறி மேல போயிரலாம்.

சிரிக்கறீங்க. சிரிங்க. சங்ககிரியில என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. செங்கோடன் வண்டி பூசை போட்டாத்தான் ஓடும், பூசை போட்டதுனாலயே ஓடாதுன்னு ஒரு எகத்தாளம் பண்றானுங்க. பொறாமைங்க, வேறென்ன.

நீங்க என்ன வேலைங்க? மருந்துக் கம்பெனியா? டாக்டருங்களைப் பார்த்து மருந்து எடுத்துச் சொல்ற வேலை. அப்பச் சரி, சீக்குன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். இதுவும் சீக்குதான் கேளுங்க.

இது பழைய பம்பு வண்டி இல்லைங்க. காமன் ரயில்னு சொல்ற இஞ்சின். டீசலை அழுத்தத்துல ஏத்தி, ஊசி போடற மாதிரி அளந்து இஞ்சினுக்குள்ள பீச்சும். எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு. வாங்குனப்போ ஊரே வந்து வேடிக்கை பார்த்துச்சு. இப்ப வயசாயிருச்சு, ஆனாலும் இஞ்சின் கல்லு மாதிரி. சமதரையில தங்கம். லோடோட ஏத்தம் ஏறறப்பத்தான் சீக்கு. முதல்ல இழுவை குறையும். மிதிச்சா மிதிக்கறதுதான், மேல போகாது. அப்புறம் மூக்கடைச்சவன் சோறு திங்கற மாதிரி திணறும். இந்தா, இங்க மஞ்ச லைட்டு எரியும். அப்புறம் பொசுக்குனு நின்னுபோகும். பின்னால வர்றவன் ஆரன் அடிச்சே என்ற வம்சத்தைத் திட்டிட்டுப் போவான்.

எப்ப ஆரம்பிச்சுதுன்னா, ஆயுத பூசை கழிச்சுத்தான். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அத்தனை சுத்தமாப் பூசை பண்ணுன வண்டிங்க. மத்தவனுங்க மாதிரி ஒரு பூசணிக்காயை ஒடைச்சமா, பொரிகடலை தின்னமான்னு போற ஆளில்லை நான். அந்த வருசம் டேங்குக்குப் புதுசா பூட்டு மூடி வாங்கிப் போட்டிருந்தேன். ரோட்டோரம் நிறுத்திப் படுத்தா குழாயை விட்டு உறிஞ்சிப்போடறானுங்க பாருங்க, அதுக்காக. பூட்டுச் சாவி எப்பவும் என்ற இடுப்புக் கவுத்துல. டிரைவர்கிட்டக் கூடக் குடுக்க மாட்டேன். ஊர்லயே டேங்க்கை ரொப்பி அனுப்பிச்சா பெங்களூர் போய்ட்டு வரலாம், நடுவுல திறக்கற வேலையே இல்லை.

புதுசா வாங்குன பொருளுக்குப் பொட்டு வைக்காம இருப்பாங்களா? எல்லாரும் ஸ்டீரிங்குக்கு வைப்பாங்க, கண்ணாடிக்கு வைப்பாங்க. டீசல் மூடியை ஒருத்தனும் நினைக்க மாட்டான். வண்டி சோறு திங்கறது எது வழியா? அது வழியாத்தானுங்க. அதுல லட்சுமி இருக்கறா. மூடி நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்குது, பொட்டு இங்க வைய்யின்னு கம்பெனிக்காரனே அடையாளம் போட்டுக் குடுத்த மாதிரி. அதுல கட்டை விரல்ல சந்தனத்தை எடுத்து அழுத்தி அப்பி, மேல குங்குமம் வெச்சேன். வெறும் சந்தனம் ரோட்டுக் காத்துக்கு நிக்காதுங்க, உதிர்ந்துபோகும். அதனால கொஞ்சம் பசை கலந்துக்குவேன். அது என்ற கைப்பக்குவம். அடைமழையில கூட என்ற பொட்டு கரையாது. அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பழசு மேலயே புதுசு. அழிச்சுட்டு வைக்கக் கூடாதுங்க, அது ஆகாது.

இத்தனையும் பண்ணி, அந்த வாரமே தொப்பூர்ல வண்டி நின்னுபோச்சுன்னு போன் வருது.

அப்ப வண்டியை ஓட்டுனது அர்த்தநாரி. என்ற மச்சினன். எங்கூட்டுக்காரி தனபாக்கியத்துக்குக் கூடப் பொறந்த தம்பி. சின்னதுல இருந்து எங்கூட்லயேதான் வளர்ந்தான். என்ற புள்ளை சிந்துஜாவைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன். வண்டி வாங்குன நாள்ல இருந்து அவன்தான் டிரைவர், கை சுத்தம், வாய் சுத்தம், ஒரு பீடி குடிக்க மாட்டான். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

போன்ல என்ன சொல்றான்னா, மாமா, ஏத்தத்துல நின்னுபோச்சு, காத்து இழுத்திருக்கும் போல, கைப் பம்பு அடிச்சுப் பார்த்தேன், ஆறப்போட்டு எடுத்துட்டு வர்றேங்கறான். சரின்னேன். அடுத்த நடையும் அதே இடம். அதுக்கடுத்த நடையும். பொழுதுக்கும் தொப்பூர், தொப்பூர். அங்க ஏத்தத்துக்கு அடியில ஒரு ஓட்டல் இருக்குதுங்க, அது பின்னால மூடி பூட்டியிருந்தாலும் அடிக் குழாயைக் கழட்டி வண்டியில இருந்து டீசல் எறக்கி விக்கறாங்கன்னு பேச்சு. லாரி ஆபீஸ்ல ஒருத்தன் என்ற காதுல போட்டான். செங்கோடா, உன்ற வண்டி கரெக்டா அங்க வந்து நிக்குதேன்னு.

நான் எடுத்தேன் கவுத்தேன்னு முடிவு பண்ற ஆளில்லைங்க. நியாயமாச் சோதிச்சுப் பார்த்தேன். அவனைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு நானே ஓட்டுனேன். அடிவாரத்துல நிறுத்தி, பூட்டைத் திறந்து, குச்சி விட்டு டீசல் எத்தனை இருக்குதுன்னு அளந்தேன். மூடியைத் திருகறப்போ புஸ்ஸுனு ஒரு சத்தம். வெயிலுக்கு டீசல் சூடாயிருக்கும்னு நான் கண்டுக்கலை. அப்புறம் ஏத்தம் ஏறுனேன் பாருங்க, ஒரு இருமல் இல்லை, ஒரு தும்மல் இல்லை, சும்மா கும்முனு ஏறுச்சு. அடுத்த நடை அவனைத் தனியா அனுப்பிச்சேன். நின்னுபோச்சு. மறுபடி நான் போய்க் குச்சி விட்டுப் பார்த்துட்டு ஏறுனேன். ஓடுச்சு. அவன் போனா நிக்குது, நான் போனா ஓடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணுமுங்க? நீங்களே சொல்லுங்க.

அன்னிக்கு நான் அளக்கறப்போ அவன் என்னைப் பார்க்கலை. மூடியவே பார்த்துட்டு நின்னான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. மாமா, இந்த மூடின்னு என்னமோ ஆரம்பிச்சான். மூடியைப் பத்தி நீ பேசாதேன்னு ஒரே போடாப் போட்டு வாயை அடைச்சுட்டேன்.

அப்புறம் எங்க குலசாமி கோயில்ல பொங்கல் வெச்சோம். ஒறம்பறை எல்லாம் வந்து பந்தியில உக்கார்ந்திருக்குது. என்ற பங்காளி ஒருத்தன், என்ன செங்கோடா, வண்டி சரியாச்சான்னு கேட்டுப்போட்டான். எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "வண்டி நிக்கறதில்லைங்க. நிறுத்தி டீசல் எறக்கறான்"னு அவனைப் பார்த்தே சொல்லிப்போட்டேன்.

 அர்த்தநாரி பாதிச் சோத்துல எந்திரிச்சான். இலையை மடிக்கக் கூட இல்லை. வண்டிச் சாவியை எடுத்து அவங்க அக்கா கையில குடுத்து, மாமாகிட்டக் குடுத்துரு அக்கான்னு சொல்லிப்போட்டுப் போனவன்தான். இப்ப இந்த ஏத்தம் முடிஞ்சு டோல்கேட் தாண்டி ஒரு பஞ்சர் கடை வெச்சிருக்கறான். அதுக்கப்புறம் எங்கூட்டு வாசப்படி மிதிக்கலை.

சரி, திருடன் போய்ட்டான், பீடை ஒழிஞ்சுதுன்னு நானே ஓட்ட ஆரம்பிச்சேன். இப்பக் குச்சி விட்டு அளக்கற வேலையும் இல்லை. திருடறதுக்கு ஆளில்லையே, எதுக்குப் பூட்டைத் திறக்கறது?

நின்னுபோச்சுங்க. அதே தொப்பூர். அதே ஏத்தம். என்ற கையில.

அதுக்கு என்ன அர்த்தம்? அவன் போறப்போ என்னமோ பண்ணி வெச்சுட்டுப் போய்ட்டான்னு அர்த்தம். வேறென்ன இருக்க முடியும்?

அப்புறம் நான் பட்ட பாடு இருக்குதே, அதை எழுதுனா ஏடு பத்தாது. பம்பு மெக்கானிக்கிட்ட விட்டேன். டீசல் ஃபில்டர் அடைப்புன்னு மாத்துனான். ஃபீட் பம்ப்பை மாத்துனான். டேங்க்ல டீசல் இருக்குதான்னு என்கிட்டச் சாவி வாங்கி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துட்டு, சங்ககிரி மலையைச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தான். நல்ல புள்ளையா ஓடுச்சு. தொப்பூர் போனேன். நின்னுபோச்சு. சேலத்துல ஒருத்தன் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தான். டீசல் அழுத்தம் குறையுதுன்னு காட்டுதுங்க, சென்சார் போயிருச்சுன்னான். சென்சார் மாத்துனோம். அவனும் மூடியைத் திறந்து பார்த்தான், ஓட்டிப் பார்த்தான், ஓடுச்சு. தொப்பூர் போனேன். நின்னுபோச்சு. இன்ஜெக்டரைக் கழட்டிச் சோதிச்சோம். குழாய் ஒண்ணொண்ணாக் காத்து இழுக்குதான்னு பார்த்தோம். எல்லாஞ் சுத்தம். அவனுங்க கண்ணு முன்னாடி ஒரு நாளும் நிக்காதுங்க. என்னமோ நான் வீட்ல சண்டை போட்டுட்டு வந்து பொழுது போக்கறதுக்கு வண்டியைக் கொண்டாந்து விடற மாதிரி என்னையப் பார்ப்பானுங்க.

கடைசியா டேங்க்கையே எறக்கிக் கழுவுனோம். கழுவறவன் மூடியையும் சேர்த்து மண்ணெண்ணெயில போடப் போனான். அடேய், பொட்டு இருக்குது, தொடாதேன்னு ஓடிப் போய்ப் புடுங்கிட்டேன். பாருங்க, எத்தனைக்கு எத்தனை நான் கவனம்.

முனியப்பனுக்குச் சேவல் அறுத்தேன். எலுமிச்சங்காய் எல்லாச் சக்கரத்துக்கும் வெச்சு ஏத்துனேன். கண்ணேறுக்குக் கருப்புக் கயிறு, படிகாரம், இந்தா தொங்குது பாருங்க ஒத்தைச் செருப்பு, எல்லாம் ஆச்சு. பொட்டை இன்னும் கொஞ்சம் கெட்டியா வெச்சேன்.

ஆங். ஆரம்பிச்சுருச்சு. கேக்குதுங்களா? இழுவை குறையுது பாருங்க. தொப்பூர் தாண்டுனமா, இரட்டைப் பாலம் வந்துச்சா, கரெக்டா ஆரம்பிச்சுரும். மஞ்ச லைட்டு. பார்த்தீங்களா? நான் பொய் சொல்லலை. இந்தா திணறுது, ஓரங்கட்டிக்கறேன். போச்சு. நின்னுபோச்சு. நீங்க எறங்குங்க, நான் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டுட்டு வர்றேன், லோடு வண்டி பாருங்க.

ஹூம். போறவனெல்லாம் எட்டிப் பார்த்துட்டுப் போறான். போடா, போ. உனக்கும் ஒரு நாளைக்கு நிக்கும்.

என்ன சார் கேட்டீங்க? அர்த்தநாரி அதுக்கப்புறம் ஒண்ணுமே சொல்லலையான்னா? சொன்னானே. அதைச் சொன்னா எனக்கு இப்பவும் உடம்பெல்லாம் எரியுதுங்க.

கண்ணாலம் நிச்சயமாச்சு. எங்கள்ல தாய்மாமன் இல்லாம புள்ளைக்கு ஒரு சீர் நடக்காதுங்க. மாமன் மாலை போட்டுக் கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரோணும். பாக்கியம் என்கிட்டச் சொல்லாம தம்பியைப் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கறா. அவன் அவகிட்டச் சொல்லி அனுப்புன சேதி என்ன தெரியுங்களா? "மாமாவை மூடி மேல இருக்கற பொட்டைச் சுரண்டிப் போட்டுட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுக்கா. அப்பவும் நின்னா நான் திருடன்தான்."

கேட்டீங்களா நாயத்தை? பொட்டை அழிக்கறதாமா. கண்ணாலம் நடக்கப் போற வீட்டு வண்டியில பொட்டை அழிக்கறதாமா. பொட்டை எப்பங்க அழிப்பாங்க? வாயில வெக்கறதுக்கு வேற வார்த்தை கிடைக்கலையா அவனுக்கு? என்ற வண்டிக்கு நானே தாலி அறுக்கோணுமா? நான் செத்துப்போகோணும்னு மறைமுகமாச் சாபம் உடறான். அப்படித்தான் நான் பாக்கியத்துகிட்டச் சொன்னேன். உன்ற தம்பி உன்ற பொட்டுக்கே உலை வெக்கறான் பாருன்னு கத்துனேன்.

அவ கத்தலை. சோத்துக்குண்டாவைக் கீழ வெச்சுட்டு நிதானமா, "என் தம்பி நிக்காத மணவறையில நானும் நிக்க மாட்டேன். நீங்க ஒத்தையா நின்னு தாரை வார்த்துக் குடுத்துக்குங்க"ன்னா. சொன்னதோட சரி. அப்ப இருந்து சோறு போடுவா, பேச மாட்டா. புள்ளையும் அப்படித்தான். பத்திரிகை அடிச்சு வந்ததும் எடுத்துப் பார்த்தா. தாய்மாமன் பேர் போட்ட இடத்துல விரலை வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் உக்கார்ந்திருந்தா.  அதுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க.

அதனாலதான் இன்னிக்கு இந்தத் தட்டம். சரி போ, திருடனா இருந்தாலும் தாய்மாமன்தானேன்னு மன்னிச்சு, நானே இறங்கிப் போறேன். ஆனா அவன் கடைக்குப் போறப்போ கூட இந்த வண்டி திக்கித் திணறிப் போய் நிக்கோணும் பாருங்க, அவன் உள்ளுக்குள்ள சிரிப்பான். அதை நினைச்சாத்தான் நெஞ்சு ஆறலை.

என்னங்க? குளுக்கோஸ் பாட்டிலா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஆமா, பார்த்திருக்கறேன், எங்கப்பனுக்கு ஏத்துனப்போ கண்ணாடிப் பாட்டில்ல மேல தனியா ஒரு ஊசி குத்துனாங்க. காத்து உள்ள போறதுக்கா? காத்துப் போகாட்டிச் சொட்டு எறங்காதா? அட, அது மருந்துங்க. இது டீசல். பெரிய டேங்க்கு. இத்தனூண்டு ஓட்டை அடைச்சா என்ன ஆயிரும்?

நீங்களும் அவனாட்டமே பேசறீங்களே. ஊர்ல மெக்கானிக்கெல்லாம் மண்ணாந்தையா? லேப்டாப்புக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சா?

இல்லைங்க. நான் தொட மாட்டேன். என்ற கையில வெச்ச பொட்டு. என்ற கையில அழிக்க மாட்டேன்.

சரி. ஒண்ணு பண்ணுங்க. நீங்க வெளியூர்க்காரர், உங்களுக்கு எந்தத் தோசமும் இல்லை. நீங்க சுரண்டுங்க. பூட்டைத் திறக்க வேண்டாம், சாவி தர மாட்டேன். மேலாப்புல பொட்டை மட்டும். அவன் சொன்னதும் அதுதானே? நின்னா அவன் திருடன்தான்னு அவனே சொல்லிட்டான். இந்த ஏத்தத்துல வண்டி நிக்கத்தான் போகுது. நீங்களே சாட்சி. தர்மபுரிக்குப் போறவர், வழியில அவன் கடையில எறங்கி நின்னு, ஆமாப்பா, பொட்டை எடுத்தும் நின்னுச்சுன்னு சொல்லிட்டுப் போங்க. என்ற வாயால சொன்னா அழும்பு பண்றேம்பாங்க.

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். ஆரம்பிங்க. எதை வெச்சுச் சுரண்டறீங்க, நகவெட்டியா? சரி, மெதுவா. பெயிண்டு போகாம. கெட்டியா இருக்கும், நான்தான் சொன்னேனே, என்ற கைப்பக்குவம். எல்லாரும் வெக்கற மாதிரிப் பொடிப் பொட்டு இல்லை அது...

என்னங்க அது? என்ன சத்தம்?

நீங்க பூட்டைத் திறந்தீங்களா? இல்லை, சாவி இங்கதான் இருக்குது. அப்புறம் புஸ்ஸுனு... இன்னும் இழுத்துட்டே இருக்குதே. தண்ணிக்குள்ள முங்கி எந்திரிச்சவன் மூச்சு இழுக்கற மாதிரி. அந்த ஓட்டையில விரலை வைங்க. இல்லை, தள்ளுங்க, நான் வெக்கறேன்.

உள்ள இழுக்குதுங்க.

ஏறுங்க. ஏறுங்க சொல்றேன். அந்தக் கட்டியை எங்க போட்டீங்க? கீழ போட்டுப்போடாதீங்க, சாமி பொருள். அந்தப் பேப்பர்ல மடிச்சு இப்படிக் குடுங்க. கட்டையை எடுத்துப்போட்டு வந்தர்றேன்.

ஸ்டார்ட் ஆயிருச்சு. அது எப்பவும் ஆகும், அதுல ஒண்ணும் இல்லை. ஆறிப்போயிருக்கும். இனிமேத்தான் இருக்குது. அந்த வளைவு வரைக்கும் போகும், அப்புறம் நிக்கும் பாருங்க. லோடு இருக்குதுல்ல.

வளைவு போயிருச்சு. சரி. ஆஞ்சநேயர் கோயில்கிட்ட நிக்கும். அங்க நிக்காம என்னிக்கும் போனதில்லை. கும்பிட்டுக்குங்க. நான் கையெடுக்க மாட்டேன், ஸ்டீரிங்கு பிடிச்சிருக்கறேன்.

கோயிலும் போயிருச்சுங்க.

இழுக்குதுங்க. மிதிக்க மிதிக்கப் போகுது. காத்து கொஞ்சம் குளிர்ச்சியா இருக்குது இன்னிக்கு, அதனாலயா இருக்கும். நிக்கோணும்னு நினைக்கறனா, நிக்கக்கூடாதுன்னு நினைக்கறனான்னு எனக்கே தெரியலை சார். சித்த நேரம் பேசாம வாங்க. நான் சத்தத்தைக் கேக்கோணும்.

மேல வந்துட்டோம். அதோ டோல்கேட்.

அந்தச் சந்தனக் கடைக்காரனைச் சும்மா விடப்போறதில்லை. அவன் விக்கறது சந்தனமே இல்லைங்க, மாவு. நல்ல சந்தனமா இருந்தா தானா உதிர்ந்திருக்கும், இப்படிப் போய் அடைச்சிருக்குமா? பூட்டு மூடி வித்தவனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமா இல்லையா, இது காத்துப் போற ஓட்டை, அடைக்காதேன்னு? மெக்கானிக் ஒருத்தனுக்காவது அறிவு வேண்டாமா? எல்லாரும் சேர்ந்து என்னைய...

சின்னதுல சிந்துஜாவை அவன் தோள்ல இருந்து எறக்கவே மாட்டான் சார். எறக்கி விட்டா அழும்னு, குளிக்கப் போறப்பக் கூடத் தூக்கிட்டுப் போவான்.

அதோ, டயர் அடுக்கி வெச்சிருக்குதே, அதுதான் கடை. குனிஞ்சு ட்யூபைத் தண்ணியில முக்கிப் பார்த்துட்டு இருக்கறான் பாருங்க. எளைச்சுப்போயிருக்கறான். இந்த ஓரமா நிறுத்திக்கறேன்.

இல்லைங்க, நான் ஒண்ணும் பேசப்போறதில்லை. என்னத்தைப் பேசறது? பத்திரிகை குடுக்கறதுக்குப் பேச்சு எதுக்கு? அந்தப் பேப்பர் மடிப்பைக் குடுங்க. ஆமா, அந்தச் சந்தனக் கட்டிதான். அதைப் பத்திரிகை மேல, வெத்தலைக்குப் பக்கத்துல வெச்சுக் குடுத்துட்டு வந்தர்றேன். எடுத்துப் பார்த்தா அவனுக்குத் தெரியும். அதுக்கு மேல கேட்டான்னா, நீங்கதான் சுரண்டுனீங்கன்னு சொல்லுவேன்.

நிமிர்ந்துட்டான். என்னையப் பார்க்கலை. டீசல் மூடியைத்தான் பார்க்கறான்.

சார், நான் எறங்கறேன். நீங்க கொஞ்சம் இங்கயே உக்கார்ந்திருங்க. சாவியைத் தொட்டு இஞ்சினை ஆஃப் பண்ணிப்போடாதீங்க. ஓடிட்டே இருக்கட்டும். அவன் கேக்கட்டும்.